குனி, நுழை, பிடி

உட்காருங்கள். இந்தப் பெஞ்சில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். என் கால் மட்டும் தனியாக ஓர் ஆள் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் டோக்கன் எத்தனை? பத்தொன்பதா? எனக்குப் பதினாறு. உள்ளே இப்போதுதான் பதினொன்று போயிருக்கிறது. இந்தக் கட்டு வைத்தியர் ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். பழைய கட்டைப் பிரித்து, எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றுவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசிவிடுவார்.

உங்களுக்குக் கை எப்படி? பைக்கா? நாய் குறுக்கே வந்ததா? எல்லோருக்கும் நாய்தான் குறுக்கே வருகிறது.

எனக்குக் குளியலறையில் வழுக்கிவிட்டது. அதோ வாசல் மேசையில் பெரிய நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, வைத்தியரின் மருமகள், அந்த நோட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. முதல் நாள் வந்தபோது நான்தான் சொன்னேன்.

உங்களிடம் மறைப்பானேன். நீங்கள் எங்கள் கல்லூரிப் பக்கம் வரப்போகிறவர் இல்லை. குளியலறை இல்லை. நிலநடுக்கம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வந்தது. போன மாதம் எட்டாம் தேதி, காலை பதினொன்று பதினான்குக்கு. மூன்று புள்ளி சொச்சம். ஆறு வினாடி. உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். அப்போது பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ரோடு எப்போதும்போல்தான் இருந்திருக்கும். எங்கள் தாலுகா முழுக்க ஒரு சுவரிலும் விரிசல் விழவில்லை. ஒரு கட்டடம் மட்டும் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பி.எட். கல்லூரிப் பேராசிரியர். தெய்வநாயகம் என்று பெயர். அறிவியல் ஆசிரியர் ஆகப் போகிறவர்களுக்கு, அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பவன். சிரிக்காதீர்கள். அறிவியல் பேராசிரியர் நாட்டுக் கட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்றுதானே? வீட்டில் சொல்லிவிட்டாள். வீட்டில் சொன்ன பிறகு அறிவியல் என்ன செய்யும்?

முப்பத்தொரு வருஷமாக இந்த வேலை. வருகிற மே மாதம் ஓய்வு. போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போவோம் என்றுதான் ஆரம்பித்தேன். பயிற்சி ஆசிரியர்களுக்கு நிலநடுக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு பரிசோதனை. பன்னிரண்டு கேள்வி, முப்பத்தெட்டு பேர். இவர்கள்தான் நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போகிறவர்கள். விடைகளைக் கேளுங்கள்.

நிலநடுக்கம் வரப்போவது நாய்க்கும் எறும்புக்கும் முன்கூட்டியே தெரியும் என்று முப்பத்தொரு பேர். சரி, தெரிந்தால் எறும்பு நமக்கு எப்படிச் சொல்லும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நம் மாவட்டத்தில் கருங்கல் பாறை இருப்பதால் நிலநடுக்கம் எந்தக் காலத்திலும் வராது என்று இருபத்தொன்பது பேர். கோடையில் அதிகம் வரும் என்று பதினாறு பேர். பூமி காய்ந்து வெடிக்குமாம். ரிக்டர் அளவு ஐந்துக்கும் ஆறுக்கும் ஆற்றலில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று கேட்டேன். முப்பத்தாறு பேர் பத்து மடங்கு என்று எழுதினார்கள். ஆட்டம்தான் பத்து மடங்கு, ஆற்றல் முப்பத்திரண்டு மடங்கு என்று எத்தனை முறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன்! ஒருவன் 'ஒரு மடங்கு' என்று எழுதியிருந்தான். ஆறில் ஐந்து போனால் ஒன்றாம். கழித்தல் சரிதான்.

பன்னிரண்டாவது கேள்விதான் முக்கியம். 'நீங்கள் வகுப்பில் இருக்கும்போது நிலநடுக்கம் ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்?' ஐந்து மதிப்பெண். விடை மூன்றே சொல். குனி, நுழை, பிடி. குனிய வேண்டும், மேசைக்கு அடியில் நுழைய வேண்டும், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நிற்கும் வரை ஓடக் கூடாது. முக்கியமாகப் படிக்கட்டுப் பக்கம் போகவே கூடாது. மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி மாதிரி தினமும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முப்பத்தேழு பேர் மிகச் சரியாக எழுதினார்கள். கோகுலகிருஷ்ணன் படம்கூடப் போட்டிருந்தான். அவன்தான் வகுப்பில் முதல்.

மிச்சம் ஒன்று. பூங்காவனம்.

இந்தப் பூங்காவனத்தால்தான் எனக்கு இத்தனையும். வயது முப்பத்து நாலு, இரண்டு பிள்ளைகள். பி.எஸ்சி. முடித்ததும் ஷூ கம்பெனியில் சேர்ந்து, ஒன்பது வருஷம் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இப்போதுதான் பி.எட். படிக்க வந்திருக்கிறது. போன வருஷமே தேர்வு எழுதியிருக்க வேண்டும்; மாமியாருக்கு முடியாமல் போய் ஒரு வருஷம் வீணாகிவிட்டது. பன்னிரண்டாவது கேள்விக்கு அது என்ன எழுதியது தெரியுமா? 'தெரியாது. அந்த நேரத்தில் என்ன செய்வேன் என்று இப்போதே சொல்ல முடியாது.'

பூஜ்யம் போட்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பீர்கள்.

வந்து கேட்டது. "சார், அஞ்சுக்கு ஒண்ணாவது போடலாமே?"

"விடை தெரியுமா தெரியாதா?"

"மூணு வார்த்தையும் தெரியும் சார். செய்வேனான்னுதான் தெரியாது."

"கேள்வியில் இருப்பதற்குப் பதில் எழுதும்மா."

"என்ன செய்வீங்கன்னுதான் சார் கேட்டிருக்கு," என்றது.

வாய் அதிகம் இல்லை அதற்கு. ஆனால் பேசினால் இப்படி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாடத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு ஆட்டுமேசை செய்தேன். பழைய கிரைண்டர் மோட்டார், ஒரு பிளைவுட் பலகை, நாலு பக்கமும் ஸ்பிரிங். சுவிட்சைப் போட்டால் பலகை கடகடவென்று ஆடும். பலகை மேல் தெர்மோகோலில் மூன்று மாடிக் கட்டடம், பக்கத்தில் களிமண் வீடு. எங்கள் ஆய்வகம் இரண்டாவது மாடி. மேசை ஆடினால் தரையும் கொஞ்சம் அதிரும், அலமாரியில் பீக்கர் எல்லாம் கிணுகிணுக்கும். கீழே அலுவலகத்தில் இருந்து, "தெய்வநாயகம் சார் பூகம்பத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. அது ஆடிக்கொண்டிருக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார்கள்.

எட்டாம் தேதி என்னுடைய மாதிரி வகுப்பு. பேராசிரியர் பாடம் நடத்த வேண்டும். மாணவர்கள் அதை உற்றுநோக்கி, எத்தனை மணிக்கு ஆசிரியர் என்ன செய்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியும். இது பல்கலைக்கழக விதி. நான் எல்லா வருஷமும் ஒன்று சொல்வேன்: "பார்த்ததை எழுதுங்கள். நினைத்ததை எழுதாதீர்கள். பார்த்ததை விட்டுவிடவும் செய்யாதீர்கள்." நல்ல வாக்கியம். நானே யோசித்தது.

பதினொன்று பத்துக்கு மேசையை ஆட்டிக் காட்டினேன். பிறகு நிறுத்தினேன். வெறும் சுவிட்சை அணைத்தால் போதாது, பாதுகாப்பு முக்கியம் என்று சொல்லி, பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன். அப்போது தெர்மோகோல் கட்டடம் ஆட ஆரம்பித்தது. பீக்கர் கிணுகிணுத்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆமாம், கை தட்டினார்கள். "சூப்பர் சார், இது முன்னாடியைவிட இயற்கையா இருக்கு" என்றான் கோகுலகிருஷ்ணன். மோட்டார் ஓடுவதாக நினைத்துக்கொண்டார்கள். ஓடவில்லை என்று அந்த அறையில் தெரிந்தவன் ஒரே ஒருவன். பிளக் என் கையில் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், கட்டடத்தின் அஸ்திவாரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கீழே இறங்கினேன். கொஞ்சம் விரைவாக இறங்கினேன். பொறுப்புள்ளவன் பார்க்க வேண்டாமா? பிளக்கை விட மறந்துவிட்டேன். வயர் இழுத்து, பலகை சரிந்து, தெர்மோகோல் கட்டடம் தரையில் விழுந்தது. ஒரு கட்டடம் விழுந்தது என்றேனே, அதுதான். நிலநடுக்கத்தின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

நானும் விழுந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில். விழும்போது ஆட்டம் நின்றுபோயிருந்தது என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுதான் வருத்தம்.

வெளியே யாருக்கும் தெரியாமல் இது அப்படியே முடிந்திருக்கும். பதினைந்து நாள் கழித்துப் பதிவேடுகள் வீட்டுக்கு வந்தன. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் பதிவேடு: '11.20, ஆசிரியர் மாணவர்களின் ஐயங்களைத் தீர்த்தார். 11.28, தொகுத்துரைத்தார். 11.30, வீட்டுப்பாடம் கொடுத்து, நன்றி கூறி வகுப்பை முடித்தார்.' இரண்டாவது பதிவேடும் அப்படியே. மூன்றாவதும். முப்பத்தேழு பதிவேட்டில், நான் பதினொன்றரைக்கு நன்றி கூறியிருக்கிறேன். உண்மையில் பதினொன்றரைக்கு நான் ஆட்டோவில் 'அம்மா அம்மா' என்று கத்திக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று கேட்கிறீர்களா? போன வருஷ மாணவர்களின் பதிவேட்டை வாங்கி, தேதியை மட்டும் மாற்றி எழுதிவிடுவார்கள். காலம் காலமாக அப்படித்தான். எனக்குத் தெரியும். நான் பயிற்சியில் இருந்தபோது... சரி, அது வேண்டாம்.

வீட்டில் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நல்ல பிள்ளைங்க. உங்க மானத்தைக் காப்பாத்திட்டாங்க." முப்பத்தேழிலும் கையெழுத்துப் போட்டு, கல்லூரிக்கு அனுப்பிவிட்டேன்.

முப்பத்தெட்டாவது இதோ என் பையில் இருக்கிறது. பழுப்பு அட்டை. கையில் வாங்கிப் பாருங்கள். இடது கையால் பிரிக்க முடியுமா? நான் பிரிக்கிறேன். பக்கம் நாற்பத்து மூன்று. படியுங்கள்.

'11.10, ஆசிரியர் ஆட்டுமேசையை இயக்கிக் காட்டினார். 11.13, நிறுத்தி, பிளக்கைக் கையில் எடுத்தார். 11.14, நிலம் அசைந்தது. 11.14, ஆசிரியர் ஓடினார். 11.14, ஆட்டம் நின்றது. 11.18, மாணவர்கள் வரிசையாக மைதானத்துக்கு வந்தனர். 38 பேர். காயம் இல்லை. 11.22, ஆசிரியர் படிக்கட்டின் திருப்பத்தில் காணப்பட்டார். காயம் உண்டு.'

'காணப்பட்டார்'! காணாமல் போன மாடு மாதிரி.

இதில் என்ன சிக்கல் என்றால், வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் எல்லாப் பதிவேட்டையும் புரட்டுவார். வரப்போகிறவர் என்னோடு படித்தவர். பதிவேடுகளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் புரட்டிப் பார்த்த எங்கள் முதல்வர் அம்மா போன் செய்தார். "சார், முப்பத்தேழு ஒரு மாதிரி இருக்கு, ஒண்ணு வேற மாதிரி இருக்கு. ஒண்ணு மாறிட்டா நல்லது. நீங்க வேற ஓய்வு பெறப் போறீங்க." இதில் தப்பு என்ன இருக்கிறது? ஒரு பக்கம்தானே. பூங்காவனத்தை வரச் சொன்னேன். பதிவேடுகளை ஒப்படைக்கக் கடைசி நாள் இன்று, மாலை நாலு மணி. என் கையெழுத்து இல்லாவிட்டால் அதற்கு இன்னொரு வருஷம் போகும். அதுவும் அதற்குத் தெரியும்.

நேற்று வந்தது. சாத்துக்குடி வாங்கி வந்திருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தது.

"இந்தப் பக்கத்தை மட்டும் மாத்தி எழுதிடும்மா," என்றேன்.

அழும் என்று நினைத்தேன். அல்லது என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொல்லும் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், எழுதறேன். எனக்கு இந்த வருஷம் போகக் கூடாது சார்," என்றது.

"பதினொன்று பதினான்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பதினொண்ணு பதினாலு," என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதியது. "அடுத்து சார்?"

"ஆசிரியர்..."

"ஆசிரியர்..."

அதுவே கேட்டது, "குனி, நுழை, பிடின்னு மாணவர்களை வழிநடத்தினார்னு போடட்டுமா சார்?"

உள்ளே இருந்து வீட்டில் குரல் கொடுத்தாள். "போடும்மா. படிக்கட்டுல உருண்டுக்கிட்டே சொன்னார்னு சேர்த்துப் போடு."

கால் வலி. கால் வலி வந்தால் எனக்கு வார்த்தை வராது. "பதிவேட்டை வைத்துவிட்டுப் போம்மா, நாளைக்குப் பார்க்கலாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலே கட்டு வைத்தியர் இருக்கிறார், மதியம் அங்கே வந்துவிடு," என்று அனுப்பிவிட்டேன்.

உங்களைக் கேட்கிறேன், நியாயம் சொல்லுங்கள். நான் கையெழுத்துப் போடத் தயங்குவது அந்த 'ஓடினார்' என்ற சொல்லுக்காக இல்லை. நம்புங்கள். பதிவேடு முழுமையாக இல்லை. அதுதான் என் குறை. 11.14-க்கும் 11.18-க்கும் நடுவில் நாலு நிமிஷம் இருக்கிறதே, அதில் என்ன நடந்தது? கை தட்டிக்கொண்டிருந்த முப்பத்தேழு பேர் மைதானத்துக்குத் தானாகவா போனார்கள்? கோகுலகிருஷ்ணன் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னான்.

"சார், நீங்க இறங்கினதும் பூங்காவனம் அக்காதான் மேசையைத் தட்டி, 'மோட்டார் ஓடலை, உள்ளே போங்க'ன்னு கத்தினாங்க. அப்பவும் நாங்க சிரிச்சோம் சார். என் காலரைப் பிடிச்சு மேசைக்கு அடியில தள்ளினாங்க. ஆட்டம் நின்னதும் யாரையும் ஓட விடலை. கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தரா முதுகுல தட்டி எண்ணினாங்க. நீங்க அங்கே விழுந்து கிடக்கிறது தெரியாம, கிட்டப் படிக்கட்டுல வேண்டாம்னு தூரப் படிக்கட்டுல கூட்டிட்டுப் போனாங்க. கம்பெனில மாசா மாசம் சைரன் ஊதி இப்படித்தான் வெளியே கூட்டிட்டு வருவாங்களாம்."

"நீ என்னடா செய்தாய்?"

"நான் மேசைக் காலைப் பிடிச்சுக்கிட்டேன் சார். அது ஸ்டூல் சார்."

படம் போட்டு விடை எழுதினவன்.

அதற்கப்புறம் தலையை எண்ணியதில் ஒரு ஆள் குறைந்ததாம். நான்தான். தேடிக்கொண்டு திரும்பி வந்ததும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, "சார், காலை அசைக்காதீங்க" என்றது. மீட்டர் அளவுகோலை எடுத்துவரச் சொல்லி, கோகுலகிருஷ்ணனின் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லி, காலோடு சேர்த்துக் கட்டியது. இந்த வைத்தியரே முதல் நாள் கேட்டார், "யாருங்க இதைக் கட்டினது? அசையாம கட்டியிருக்காங்களே." கல்லூரியில் கட்டியது என்றேன் நான்.

நீங்களும் பிடித்துவிட்டீர்கள். குளியலறையில் விழுந்தவனுக்குக் கல்லூரியில் எப்படிக் கட்டுவார்கள்? வைத்தியரும் பிடித்துவிட்டிருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

அந்த அளவுகோல் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கல்லூரி இருப்புப் பதிவேட்டில் ஒரு மீட்டர் குறைகிறது.

இதில் ஒரு வரியாவது பதிவேட்டில் இருக்கிறதா? பாருங்கள், நீங்களே பாருங்கள். நான் ஓடியதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறது. தான் செய்ததைப் பார்க்கவே இல்லை. பார்த்ததை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னேனா இல்லையா? முழுமையில்லாத பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆமாம், முப்பத்தேழில் போட்டேன். அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள்?

உங்கள் சட்டைப் பையில் பேனா இருக்கிறதே, கொடுங்கள். உங்கள் கைக்கு இப்போதைக்கு அது வேண்டாம். பக்கம் நாற்பத்து மூன்று, ஓரத்தில் இடம் இருக்கிறது. '11.14, மோட்டார் ஓடவில்லை என்று முதலில் சொன்னவர் பூங்காவனம். மாணவர்களை மேசைக்கு அடியில் அனுப்பியவர், எண்ணி வெளியே அழைத்துச் சென்றவர், ஆசிரியரின் காலைக் கட்டியவர் அவரே. குறை: உற்றுநோக்கியவர் தன்னை உற்றுநோக்கவில்லை.' மேலே இருக்கிற 'ஓடினார்' வரியை அடிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். கீழே கையெழுத்து, தேதி.

படிக்கிற மாதிரி இருக்கிறதா? அந்தத் தேர்வாளர் சிரிக்கட்டும். அவர் பயிற்சியில் எப்படிப் பதிவேடு எழுதினார் என்று எனக்குத் தெரியும். என்னுடையதைப் பார்த்துத்தான்.

அதோ வருகிறது பாருங்கள், பச்சைச் சேலை. வாம்மா. பிடி. படித்துப் பார்.

என்னம்மா, முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாய்? கண்ணைத் துடைத்துவிட்டுப் படி, மை பரவிவிடப் போகிறது.

என்ன? தப்பா? எங்கே?

"காலைக் கட்டினது 11.14 இல்ல சார். 11.26."

கேட்டீர்களா? சரி, கொடு. 11.26. போட்டுவிட்டேன். நாலு மணிக்குள் போய்ச் சேர். போகும்போது அந்தக் கோகுலகிருஷ்ணனிடம் சொல், முப்பத்தேழு பதிவேட்டையும் திருப்பி எடுத்து வரட்டும். எல்லாரும் இன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்ததை எழுதட்டும். முதல்வர் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம் பூங்காவனம், அந்தப் பன்னிரண்டாவது கேள்வி. நாலரை போட்டிருக்கிறேன். அரை எதற்குக் குறைத்தேனா? கையெழுத்து கோணல்.

பதினாறா? வந்துவிட்டேன். உங்கள் பேனா, இந்தாருங்கள். கொஞ்சம் தோள் கொடுங்கள், நல்ல கையைக் கொடுங்கள். அப்படித்தான். மெதுவாகப் போகலாம், அவசரம் இல்லை.

அம்மா, அந்த நோட்டில் என் பெயருக்கு நேரே 'குளியலறை' என்று இருக்கிறதல்லவா, அதை அடித்துவிடுங்கள். 'நிலநடுக்கம்' என்று எழுதுங்கள்.

எப்போது வந்ததா? எட்டாம் தேதி. உங்களுக்குத் தெரியவில்லையா? ஒருவருக்கும் தெரியவில்லை.

இருங்கள் அம்மா. அதையும் அடித்துவிடுங்கள். பாவம், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. 'படிக்கட்டில் ஓடினார்' என்று எழுதுங்கள். நேரம் போடக் கட்டம் இருக்கிறதா? பதினொன்று பதினான்கு.